என் தகப்பனாரின் பெயரில் எத்தனை 'பி'?

எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கு நான்கு விழாக்கள். ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும், வாசலில் உடைத்த பூசணிக்காயும். பொங்கலுக்குப் படியடியில் கோலம். ரமலானில் பேகம்பூரிலிருந்து வரும் நோன்புக் கஞ்சி. கிறிஸ்துமசுக்குக் குடிலும் கேக்கும். திண்டுக்கல்லில் இது ஒரு செய்தியே அன்று. சிக்கல், அறிவிப்பை எழுதும்போதுதான் தொடங்கும். சொட்டுநீர்க் குழாய் விற்கும் நிறுவனம் எங்களுடையது. தலைமையகம் வடக்கே இருப்பதால் அறிவிப்பு ஆங்கிலத்தில் போகவேண்டும். 'ஆயுத' என்ற சொல்லை எப்படி எழுதுவது என்பதில் ஆண்டுதோறும் ஒரு சிறு போர் நடக்கும். தீபாவளியா, திவாலியா என்பது அதைவிடப் பெரிய போர்.

2024 டிசம்பரில் அந்தப் போர்க்களம் சற்று விரிந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் மாலையிலேயே யூதர்களின் ஹனுக்கா விழாவும் தொடங்கியது. எங்களுக்குக் குழாய்களின் நுட்பம் சொல்லித்தரும் இஸ்ரேலியப் பொறியாளர் ஒருவருக்கு இரண்டையும் சேர்த்து வாழ்த்து அனுப்பும்படி மேலாளர் பணித்தார். (ரெட்டியார்சத்திரத்தில் இந்திய - இஸ்ரேல் கூட்டு முயற்சியில் காய்கறி மகத்துவ மையம் இருப்பதால் இஸ்ரேல் எங்கள் பக்கத்து உழவர்களுக்கும் அந்நியமான பெயரல்ல.) அவருடைய பழைய அஞ்சல்களைப் புரட்டினேன். ஒன்றில் அச்சொல் 'எச்'சில் தொடங்கியது, மற்றொன்றில் 'சி-எச்'சில். ஒன்றில் இரண்டு 'கே', இன்னொன்றில் ஒன்று. எது சரி என்று தயங்கித் தயங்கி எழுதிக் கேட்டேன்.

எல்லாமே சரி என்று பதில் வந்தது. எபிரேயத்தில் அது ஐந்தெழுத்துச் சொல்லாம். முதலெழுத்தான 'ஹேத்' தொண்டைக்குள் உரசி எழும் ஒலி. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்தில்லை. ஆகவே ஒருவர் 'எச்' போடுகிறார், மற்றவர் 'சி-எச்' போடுகிறார். நான்காம் எழுத்து பண்டைய இலக்கணப்படி இரட்டித்து ஒலிப்பது. அதை மதிப்பவர் இரண்டு 'கே' இடுவார். கி.மு. 164இல் எருசலேம் ஆலயத்தை மீண்டும் அர்ப்பணித்ததன் நினைவாக எட்டு இரவுகள் விளக்கேற்றும் விழா அது என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் நாங்கள் கார்த்திகை விளக்கேற்றியிருந்தோம்.

எங்களுக்கும் அந்தத் தொல்லை உண்டு என்று எழுதினேன். பழனியில் உள்ள ழகரம் ஆங்கிலத்தில் வெறும் 'எல்' ஆகிவிட்டது. எங்கள் ஊரின் நிலை அதனினும் விந்தை. திண்டுக்கல்லின் முதல் எழுத்து மெலிந்தது, வல்லின இரட்டைக் ககரம் ஒற்றை 'ஜி'யாய்த் தேய்ந்தது. 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத அரசாணை பிறந்தது. எங்கள் ஊரும் அதில் இருந்தது. புதிய எழுத்துகளைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். ஜூன் மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நானும் சிரித்தவன்தான்.

எல்லாமே சரி என்ற அவரது விடையை மட்டும் என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. அது விழாக்களுக்குப் பொருந்தலாம், வங்கிகளுக்குப் பொருந்தாது. என் தகப்பனார் பெயர் யாகப்பன். குடும்ப அட்டையில் ஒரு 'பி', ஆதாரில் இரண்டு, வைப்புநிதிச் சீட்டில் 'ஜி'க்குப் பதில் 'கே'. அவர் காலமான பின் அந்தச் சிறு தொகைக்காக நான் ஒரு வங்கிக்கு எத்தனையோ முறை நடந்தேன். மூன்று யாகப்பன்களும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். ஒன்று போதவில்லை; இரண்டாவது எழுதினேன். அம்மா அந்நாட்களில் ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் மட்டும், 'அவரு கையெழுத்து எப்பவும் தமிழ்லதானடா போட்டாரு, அதுல தப்பே வந்ததில்லையே' என்றார்.

திண்டுக்கல்லை அடுத்து யாகப்பன்பட்டி என்றே ஓர் ஊர் உண்டு. எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்பெயர் மிகச் சாதாரணம். போர்த்துக்கீசியரின் 'இயாகோ' நம் நாவில் யாகு ஆகி, பரிவோடு ஓர் 'அப்பன்' சேர்ந்தது. சந்தியாகு என்பதும் அதே பெயர்தான். ஆங்கிலேயரோ ஒரே மனிதரை ஜேக்கப் என்றும் ஜேம்ஸ் என்றும் இரண்டாக்கிக்கொண்டார்கள். யாக்கோபு என்று நம் விவிலியம் சொல்லும் அந்த மூலப்பெயர் எபிரேயச் சொல். இத்தனை துறைமுகம் ஏறி இறங்கி வந்த பெயரிடம் போய் எத்தனை 'பி' என்று கேட்டிருக்கிறோம். தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் 'பி' என்னும் ஈரெழுத்துகளுமே ஒன்றாகிவிடுகின்றன என்பது வேறு வேடிக்கை.

வாழ்த்து அட்டையில் ஒருவழியாக 'எச்'சும் இரண்டு 'கே'யும் இட்டேன். அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது நன்றி அஞ்சல் வந்தது. என் கையொப்பத்தின் முன்னிருக்கும் 'ஒய்' எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தார். அப்பாவின் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதி, அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன்.

மறுநாள் நான்கே எபிரேய எழுத்துகள் கொண்ட ஒரு வரி வந்திருந்தது, வலமிருந்து இடமாக. இரண்டாவது எழுத்தான 'ஆயின்' ஆங்கிலம் தொலைத்துவிட்ட ஒலி என்று கீழே குறிப்பு. அதை அச்சிட்டு எடுத்துப் போனேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை மடித்து, உறுதிமொழிப் பத்திரங்கள் இருக்கும் தகரப்பெட்டியில் வைத்தார்.