பட்டறையில் நிற்கும் ஜீப்

எங்க பழைய மகிந்திரா ஜீப் பட்டறைக்குப் போய் 40 நாளாச்சு. டிரான்ஸ்பர் கேஸில் பல்சக்கரம் தேய்ந்து, முன்சக்கரத்துக்கு இழுவை போகவில்லை. பழைய இரும்புக் கடையில் சாமான் தேடி, லேத்தில் கொடுத்து, மறுபடியும் பட்டறை. 'வித்துட்டு வேற வாங்குங்க தோழர்' என்கிறார்கள். தார்ச்சாலை ஊர்த்தெருவோடு நின்றுவிடும். மழைச்சேற்றில் சேரிவரை வந்து பிள்ளைத்தாய்ச்சியை, வெட்டுப்பட்டவனை ஏற்றிப்போனது இதுதான்.

மேஸ்திரி 'நாளைக்கு'ன்னா காரணத்தைக் கழற்றிக் காட்டுகிறார். காத்திருக்கேன்.

வெட்டுப்பட்டவன் வழக்கில் 52 நாள் போச்சு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 60 நாளில் குற்றப்பத்திரிகை கேட்கிறது. தாமதமானால் எழுத்தில் விளக்கச் சொல்கிறது. ஸ்டேஷனிலோ 'நாளைக்கு வா' மட்டும்தான். 61 ஆம் நாள், ஜீப் வந்தாலும் வராட்டாலும், நடந்தே போய் வாசலில் உட்காருவோம்.