அம்மாவின் ஞாயிறு

மன்னாரில் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் அப்பா சாய்மனைக் கதிரையில் படுத்துவிடுவார். அம்மா நேரே குசினிக்குப் போவார்.

விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரம் ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாதவர்களை வரிசையாகச் சொல்கிறது. மகன், மகள், அடிமை, அந்நியர், கால்நடைகூட உண்டு. மனைவியைத் தனியே சொல்லவில்லை. ஆனால் 16ஆம் அதிகாரம் சமையலை முதல் நாளே முடிக்கச் சொல்கிறது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

இப்போது சனி மாலையே கறி ஆக்கிவிடுகிறோம். ஞாயிறு சோறு வடிப்பது தம்பி. சில நாள் அடிப்பிடிக்கும்.

தனியே பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகளே, ஞாயிற்றுக் கூலியை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலையில்லாத ஒரு ஞாயிறு இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டுப் படுங்கள். அடுத்த முறை அவர்களின் பிள்ளைகளை நீங்கள் பாருங்கள்.

முதல் ஞாயிறு அம்மா சும்மா இருக்கத் தெரியாமல் முற்றத்தைக் கூட்டினார். போன கிழமை குறட்டையே விட்டார்.