பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு ஓவியங்கள்

பசுவந்தனையையும் அதனைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களையும் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தஞ்சாவூர் புதிய ஊர் அன்று. ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டால், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து புறப்படும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. போகும் வழியில் தஞ்சை வரும். சன்னல் ஓரத்தில் இருப்பவர் “அதோ பெரிய கோயில்!” என்பார், தூங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பிக் காட்டுவார், கோபுரம் கண்ணை விட்டு மறையுமுன் பேச்சு பூண்டி மாதா கோயிலுக்கோ, காலைச் சிற்றுண்டிக்கோ திரும்பிவிடும். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த விமானத்தின் அடிவயிற்றில், எவ்வளவு பணம் கொடுத்தாலும் நுழைவுச் சீட்டுக் கிடைக்காத ஓர் ஓவியக்கூடம் உண்டு என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

அதனைக் காணும் பேறு அண்மையில் நமக்குக் கிட்டியது. நாம் ஐவர் சென்றோம். நம்மை இழுத்துச் சென்றவர் எண்பதை எட்டிய ஓர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். இப்பக்கத்துப் பள்ளிகளில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். “கண்ணில் புரை முற்றுமுன் அந்தச் சுவரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்” என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். உடன் வந்தவள் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் அவருடைய பேத்தி.

கரிசல் மக்களுக்கு ஓவியம் என்றால் நாள்காட்டிதான். மழை பெய்தால் உழவு, பெய்யாவிட்டால் தீப்பெட்டிக் கட்டு என்று வாழ்ந்த வீடுகளிலும் சுவரில் ஒரு படம் தொங்காமல் இருந்ததில்லை. திரு இருதய ஆண்டவரும், இராப்போசனக் காட்சியும், குழந்தையை ஏந்திய அன்னையும் நம் வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் சிவகாசி அச்சகங்களின் வழியே. அடுத்த வீட்டு முருகனும் இலட்சுமியும் அதே அச்சகங்களிலிருந்து வந்தவர்களே. இந்த நாள்காட்டிக் கலையின் தந்தை என்று போற்றத்தக்க கொண்டையராஜு (1898–1976) நம் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, 1942-இல் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவர் மாணவர்களும் எழுதிய படங்கள் நாடு முழுதும் சுவர்களில் ஏறின. நம் ஆசிரியர் இளமையில் கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அந்த ஓவியக்கூடத்துக்கு வெளியே நின்று பார்த்தவர். ஏழைக்கும் எட்டும் கலையிலே வளர்ந்த அவருக்கு, எவருக்கும் எளிதில் எட்டாத கலை எப்படி இருக்கும் என்று காணும் ஆவல் இயல்புதானே!

அனுமதி பெறும் வழியை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். பெரிய கோயில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அதனை ஏற்றுக்கொண்டது. கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையும், அதற்கு மேல் தளத்தில் நாட்டியக் கரணங்கள் செதுக்கப்பட்ட நடையும் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டவை. காண விரும்புவோர் இன்னார், இத்தனை பேர், இன்ன காரணம் என்று துறைக்கு முன்கூட்டியே எழுதி இசைவு பெறவேண்டும். 2020-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டம் அமைந்தது முதல் தஞ்சை அதன் கீழ் வருகிறது. ஆய்வாளருக்கும் ஓவியம் பயில்வோருக்குமே பெரிதும் இசைவு வழங்கப்படுகிறது. உள்ளே தனியே விடமாட்டார்கள். துறைப் பணியாளர் ஒருவர் கூடவே வருவார்.

சாத்தூர், விருதுநகர், மதுரை, திருச்சி என்று வண்டி போன வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கறுப்பு மண் சிவந்து, சிவப்பு மண் மீண்டும் கறுத்து, பருத்தியும் உளுந்தும் போய் நெல்லும் வாழையும் வந்ததை மட்டும் சொல்லலாம். “தண்ணீரைப் பார்த்தால் இவர்களுக்கு ஆச்சரியமே இராதோ?” என்று பேத்தி கேட்டாள். கல்லணைக் கால்வாய் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

பணியாளர் பூட்டைத் திறந்தார். புகைப்படக் கருவியும் கைப்பேசியும் வெளியே இருந்துவிட்டன. வெயிலிலிருந்து உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருபுறமும் கற்சுவர், நடுவே இருவர் தாராளமாக நிற்கக்கூடிய இடைவெளி. இறுகிய, அசையாத காற்று. பணியாளர் மெல்லிய விளக்கொளியைச் சுவரில் சாய்த்துக் காட்டினார். முதலில் ஒரு கண் தெரிந்தது, பிறகு புருவம், பிறகு கழுத்தைச் சற்றே சாய்த்த ஒரு முகம். சுவரே நம்மைத் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது.

1010-ஆம் ஆண்டு இராசராச சோழன் இக்கோயிலைக் கட்டி முடித்தான். அக்காலத்தை ஒட்டி எழுதப்பட்டவை இவ்வோவியங்கள். தென்புறச் சுவரில் ஆலமரத்தடித் தட்சிணாமூர்த்தி. மேற்குப்புறத்தில் சுந்தரர் வரலாறு. திருமணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலைக் குடையும் கையுமாக வந்து, “இவன் எனக்கு அடிமை, இதோ ஓலை” என்று வழக்காடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் ஓலையை ஆராய்கிறார்கள். கிழவர் கோயிலுக்குள் புகுந்து மறைந்ததும் கூடியிருந்தோர் முகத்தில் திகைப்பு. பின்னர்ச் சுந்தரர் வெள்ளை யானையிலும், அவர் நண்பர் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் புறப்படுகிறார்கள். இக்கதையை நாம் பள்ளித் தமிழ்ப்பாடத்தில் படித்ததுண்டு. ஆயினும் அந்தச் சபையாரின் முகங்களைக் கண்டபோதுதான், ஊர்ப் பஞ்சாயத்தில் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்க்கும் நம் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆயிரம் ஆண்டாக மாறாத முகங்கள் அவை!

அங்கே ஒரு முனிவரும் அவர் பின்னே ஓர் இளைஞரும் நிற்கும் பகுதி பெயர் பெற்றது. கருவூர்த் தேவரும் இராசராசனும் என்பார் பலர், மறுப்போரும் உளர். நாம் அதில் தலையிடப் போவதில்லை.

வடபுறத்திலே திரிபுரம் எரித்தவரின் பேரோவியம். தேர் ஓட்டுபவர் பிரமன். வில்லேந்திய இறைவனின் முகத்தில் சினம் ஒருபுறம், நகை ஒருபுறம். எதிரே அசுரர் கூட்டம். ஆனால் நம் ஆசிரியர் அந்த இறைவனைப் பார்க்கவில்லை. அசுரர்களைப் பற்றிக்கொண்டு அஞ்சி நிற்கும் அவர்தம் மனைவியரையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, “எதிரியின் வீட்டுப் பெண்ணுக்கும் இவன் அழுகை எழுதியிருக்கிறான்” என்றார். அந்த ‘இவன்’ யார்? கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் கல்வெட்டிலே இருக்கிறது. நாட்டியமாட வந்த நானூறு பெண்களின் பெயரும், அவர்கள் குடியிருந்த வீட்டின் வரிசையும்கூட இருக்கின்றன. சுவரில் எழுதியவன் பெயர் மட்டும் இல்லை.

இவை எப்படி நிலைத்தன என்பதைக் கரிசற் காட்டுக் குடும்பத்தாருக்கு விளக்குவது எளிது. பொங்கலுக்கு முன்னே நாம் மண்சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். காவியை வெறும் தண்ணீரில் கரைத்துக் காய்ந்த சுவரில் பூசினால், சாய்ந்து உட்கார்ந்தவர் சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும். சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை ஏற்றினால் அப்படி உதிராது. சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. வண்ணத் துகள்களையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. சோழர் ஓவியம் இம்முறையில் ஆனதே என்று, சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியல் அறிஞர் எஸ்.பரமசிவன் 1930-களிலே ஆராய்ந்து எழுதினார். காவி மண், மஞ்சட் காவி, பச்சை மண், அடுப்புக் கரி, சுண்ணாம்பு ஆகியவையே அவ்வண்ணங்களில் பெரும்பாலானவை. இம்முறையில் எழுதுபவனுக்குக் கிடைக்கும் நேரம் சில நாழிகையே. சாந்து காய்ந்தபின் திருத்த வழியில்லை. “அழிப்பான் இல்லாத படம்” என்று தாத்தா சொன்னதைக் கேட்டுப் பேத்தி அயர்ந்துபோனாள்.

நிலைத்ததற்கு மற்றொரு காரணம், அவை மறைந்து கிடந்தது. பதினேழாம் நூற்றாண்டளவில் நாயக்கர் காலத்தவர் இச்சுவர்களின் மேல் புதுச் சாந்து பூசி வேறு படங்களை எழுதிவிட்டனர். அடியில் ஒன்று இருப்பதையே உலகம் மறந்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே.கோவிந்தசாமி என்னும் பேராசிரியர் இருளில் புகுந்து பார்த்தார். மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் வேறொரு கோடும் வேறொரு வண்ணமும் கண்டார். அவர் வெளியுலகுக்கு அறிவித்த பின்னரே தமிழகத்தில் சோழர் ஓவியம் உண்டு என்பது தெரியவந்தது. இருவேறு காலத்துப் படங்களில் ஒன்றைக் காட்ட மற்றொன்றை அழிப்பதா என்ற தருமசங்கடமும் அன்றே பிறந்தது. பிற்காலத்தில் தொல்லியல் துறையின் வேதியல் பிரிவினர், மேற்பூச்சைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் பதிக்கும் முறையைக் கையாண்டு, சில பகுதிகளில் இரண்டையும் காப்பாற்றினர். மெச்சத்தக்க பொறுமை!

நம் இல்லங்களில் தொங்கும் இராப்போசனப் படத்தின் கதை இதற்கு நேர் எதிர். லியொனார்தோ தா வின்சி அதனை மிலான் நகரில், தொமினிக் சபைத் துறவியரின் உணவறைச் சுவரில் 1495-க்கும் 1498-க்கும் இடையே எழுதினார். நின்று நிதானித்துத் திருத்தி எழுத விரும்பி, ஈரச் சாந்தை விட்டுக் காய்ந்த சுவரில் எழுதினார். சில பத்தாண்டுகளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிற்று. 1652-இல் அதே சுவரில் வாசற்படி வெட்டியதால் ஆண்டவரின் பாதங்கள் போயின. 1943-இல் விழுந்த குண்டில் உணவறை தகர்ந்தபோது மணல் மூட்டைகளால் காத்த அந்தச் சுவர் தப்பியது. இருபதாண்டுப் பழுதுபார்ப்பு 1999-இல் முடிந்தது. அங்கும் இன்று முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. சிறு குழுவாக உள்ளே விட்டுப் பதினைந்து நிமிடத்தில் வெளியேற்றுகிறார்கள். பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையோ, பார்வையாளரின் மூச்சுக் காற்றாலேயே கெட்டு, 1963-இல் அடியோடு மூடப்பட்டது.

ஆகவே தஞ்சையின் பூட்டை நாம் குறைகூற மாட்டோம். ஐயமிருந்தால் வெளித் திருச்சுற்று மாளிகையைச் சுற்றி வாருங்கள். வரிசையாக நிற்கும் இலிங்கங்களுக்குப் பின்னே பிற்கால ஓவியங்கள் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் ஆணியாலும் கல்லாலும் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. காதலர் பெயர்கள், தேர்வு எழுதுவோர் பெயர்கள், ஊர்ப் பெயர்கள். நம் ஊர்ப்பக்கத்துப் பெயர் ஏதும் கண்ணில் படாதது ஆறுதல்.

ஆனால் ஒன்று மனத்தை உறுத்துகிறது. இசைவு கேட்டு எழுதத் தெரிந்தவனுக்கும், இன்னாருக்கு எழுதவேண்டும் என்று அறிந்தவனுக்கும் மட்டுமே அந்தக் கதவு திறக்கிறது. மூச்சுக் காற்று எல்லார்க்கும் ஒன்றே. ஆய்வாளர் மூச்சு சுவரைக் கெடுக்காது என்பதில்லை. ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பு கட்டி, அதில் சிற்றூர்ப் பள்ளிகளின் ஓவிய மாணவருக்கும் ஒரு பங்கை ஒதுக்கினால் சுவருக்கு அதிகக் கேடு வராது. எண்பது வயதில் ஒருவர் கண்டதைப் பதினாலு வயதில் நூறு பேர் காண்பது நாட்டுக்கு நல்லது என்பது நம் எண்ணம்.

அதுவரை நம் குடும்பங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறையின் விளக்கக் கூடம் இருக்கிறது. சோழர் ஓவியங்களின் படங்களும், பெயர்த்தெடுத்த நாயக்கர் கால ஓவியங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அங்கே நம் ஆசிரியர் உள்ளே கண்டதைவிட நன்றாகவே கண்டார். விளக்கொளி அவர் கண்ணுக்குப் போதவில்லையாம். பேத்தி ஏடும் பென்சிலும் எடுத்து, அஞ்சி நிற்கும் அசுரப் பெண்ணின் கையை மட்டும் மூன்று முறை வரைந்தாள். மூன்றாவது தேறும் என்றார் தாத்தா.

வேளாங்கண்ணிக்குப் போகும் வண்டியினர் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். காலையிலேயே இறங்கிவிடுங்கள். மிதியடியை வெளியே விட்டுத்தான் நடக்கவேண்டும். நண்பகலில் முற்றத்துக் கல்லின் சூட்டைக் குழந்தைகளின் கால் பொறுக்காது.