405 மதிப்பெண் அணில்

தமிழில் "அணில் பங்கு" என்று சொல்வார்கள். பெரிய வேலைக்கு யாராவது சின்னதாக ஒரு கை கொடுத்தால் அதற்கு அந்தப் பெயர். ஆனால் 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்த போக்கிமான் உலக சாம்பியன்ஷிப்பில் ஓர் அணில் செய்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அணிலின் பெயர் பச்சிரிசு. (பச்சரிசி இல்லை!) ஜப்பானிய மொழியில் "ரிசு" என்றால் அணில், "பச்சி" என்பது மின்பொறி தெறிக்கும் சத்தம். 2006ல் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் அறிமுகமான மின்சார வகைப் போக்கிமான். உயரம் 40 செ.மீ., எடை 3.9 கிலோ. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். போட்டிக்குக் கொண்டு போகிற ஜந்து இல்லை.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஆறு பாடத்தில் மதிப்பெண் உண்டு. உயிர்ப்புள்ளி, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம். பச்சிரிசுவின் மொத்தம் 405. அப்போது எல்லா அணிகளையும் மிரட்டிக் கொண்டிருந்த கார்சோம்ப்புக்கு 600. தாக்குதலை மட்டும் பார்த்தால் அணிலுக்கு 45, கார்சோம்ப்புக்கு 130.

"பயிற்சி கொடுத்தால் சரியாகி விடாதா?" என்று கேட்கலாம். ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510 பயிற்சிப் புள்ளிகள் தரலாம், ஒரே பாடத்துக்கு அதிகபட்சம் 252. போட்டி விதிப்படி எல்லோரும் லெவல் 50. அந்த 252ஐயும் தாக்குதலில் கொட்டினால் அணிலின் தாக்குதல் 65லிருந்து 97 ஆகும். ஒரு புள்ளி கூடப் போடாத கார்சோம்ப்புக்கே 150 இருக்கிறது. ராத்திரி பகலாகப் படித்தும் புத்தகத்தைத் தொடாதவனை முந்த முடியாத நிலைமை!

ஆக, அடிக்கிற அணிலை உருவாக்க நினைத்தால் தோல்விதான். தென்கொரியாவின் சேஜுன் பார்க் அடிக்கிற அணிலை உருவாக்கவே இல்லை. அவர் கொடுத்த நான்கு வித்தைகளைப் பார்த்தால் இது புரியும்.

முதலாவது சூப்பர் ஃபேங். எதிரியிடம் அந்த நேரத்தில் இருக்கும் உயிர்ப்புள்ளியில் சரிபாதியைக் கடித்து எடுத்து விடும். 200 இருந்தால் 100 போய்விடும். கடிப்பவனின் தாக்குதல் 45ஆ, 130ஆ என்று இந்த வித்தை கேட்பதே இல்லை.

இரண்டாவது நஸ்ஸில். கன்னத்தை உரசுகிற சின்ன அடி, பலம் வெறும் 20. ஆனால் பட்டால் முடக்கம் நிச்சயம். அன்றைய விதிப்படி முடங்கியவனின் வேகம் கால் பங்காகும்.

மூன்றாவது ஃபாலோ மீ. இரண்டுக்கு இரண்டு என்று நடக்கும் ஆட்டத்தில், "என்னைப் பார்" என்று எதிரிகளின் அடியைத் தன் பக்கம் இழுத்துக் கொள்வது. நான்காவது புரொடெக்ட். அந்தச் சுற்றுக்கு மட்டும் தன்னைக் காத்துக் கொள்வது.

இந்த நான்கில் ஒன்றாவது தாக்குதல் மதிப்பெண்ணை நம்பி இருக்கிறதா? நஸ்ஸிலின் சில்லறை அடியை விட்டால் எதுவுமே இல்லை. அணில் எந்தப் பாடத்தில் மோசமோ, அந்தப் பாடத்தில் பரீட்சையே வராதபடி செய்து விட்டார் மனிதர். மிச்சமான பயிற்சிப் புள்ளிகளைத் தாங்கும் சக்திக்குத் திருப்பலாம். 252ஐ உயிர்ப்புள்ளியில் போட்டால் 135 என்பது 167 ஆகும். அடியை இழுத்துக் கொள்பவனுக்குத் தேவைப்படுவது அதுதானே.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இங்கே ரிக்கார்டோ ஞாபகம் வரலாம். 1817ல் அவர் எழுதிய நூலில் இங்கிலாந்து, போர்ச்சுகல் உதாரணம் வரும். துணி, மது இரண்டையுமே போர்ச்சுகல் குறைந்த உழைப்பில் செய்யும். அப்படியும் இங்கிலாந்து துணி நெய்வதும் போர்ச்சுகல் மது செய்வதும்தான் இருவருக்கும் லாபம். கார்சோம்ப்பைக் கூட்டாளிக்குக் காவல் நிற்க வைத்தால், அது அடிக்க வேண்டிய ஒரு சுற்று வீணாகிறது. அணில் நின்றால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

இதே வேலைக்கு அந்த ஆண்டு அமூங்கஸ் என்ற காளான் இருந்தது. ஆனால் அதன் ரேஜ் பவுடர் புல் வகைப் போக்கிமான்களிடம் எடுபடாது. ஃபாலோ மீக்கு அந்தத் தடை இல்லை. அணிலின் வோல்ட் அப்சார்ப் என்ற இயல்பு இதற்கும் மேலே. மின்சார அடி விழுந்தால் காயத்துக்குப் பதிலாகக் கால் பங்கு உயிர் ஏறும். பார்க்கின் அணியில் இருந்த கியாரடாஸ் மின்சார அடியை நான்கு மடங்காக வாங்கும், டேலன்ஃப்ளேம் இரண்டு மடங்காக. அவர்களுக்கு வரும் இடியை அணில் பிடித்துச் சாப்பிட்டு விடும் :-)

இறுதிப் போட்டியில் எதிரணியின் ஹைட்ரைகன் என்ற மூன்று தலை டிராகன், 130 பலமுள்ள ட்ராக்கோ மீட்டியரை அணில் மேல் இறக்கியது. அணில் சாயவில்லை. அந்த வித்தையைப் போட்டவனுக்கு உடனே சிறப்புத் தாக்குதல் இரண்டு படி இறங்கி விடும் என்பதால் டிராகனுக்கு இரட்டை நஷ்டம். அரங்கமே கத்தியது. பார்க் உலக சாம்பியன் ஆனார்.

இதைப் பார்த்து விட்டு "பச்சிரிசு நல்ல போக்கிமான்" என்று முடிவு கட்டினால் தப்பு. ராக் ஸ்லைடு மாதிரி இருவர் மேலும் ஒரே சமயத்தில் விழும் அடியை ஃபாலோ மீ இழுக்காது. சூப்பர் ஃபேங் பேய் வகையைத் தொடாது, நஸ்ஸில் நில வகையிடம் செல்லாது. பாதி உயிர் போன எதிரியை முடித்து வைக்கப் பக்கத்தில் வலுவான ஆள் இல்லாவிட்டால் அணில் சும்மா கடித்துக் கொண்டே இருக்க வேண்டியதுதான். அணிக்கு ஆறு இடம், ஒவ்வொரு ஆட்டத்திலும் இறங்குவது நான்கு பேர். அந்த ஆறில் ஒன்றை உலகப் போட்டியில் அணிலுக்குக் கொடுப்பது விளையாட்டுக்குச் செய்கிற காரியம் இல்லை. மற்ற ஐந்து பேருக்கு என்ன குறை என்று தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

யாரும் சீண்டாத வித்தைகளை வைத்து ஒரு போக்கிமானை உருவாக்க ஆசைப்படுகிறவர்கள் இதை உல்டாவாகச் செய்வதுதான் வழக்கம். முதலில் பிடித்த ஜந்து, அப்புறம் அதற்கு விசித்திரமான வித்தைகள், கடைசியில்தான் அணி. பார்க்கின் அணியைப் பின்னாலிருந்து படித்தால் வரிசை வேறு. முதலில் காலியாக இருக்கும் வேலை, அடுத்து அதைச் செய்யும் வித்தை, அதற்கும் அடுத்துதான் அந்த வித்தை தெரிந்த ஆள். அந்த ஆள் ஓர் அணிலாக இருந்தது, அவ்வளவுதான். மொத்த மதிப்பெண் 405 என்பதை அந்த வரிசையில் யாரும் எந்த இடத்திலும் கேட்கவில்லை.