பொம்மை ரயிலுக்கு ஓர் ஓடை

தண்ணீரைச் செய்வதற்குத் தண்ணீர் உதவாது. பொம்மை ரயிலுக்கு ஊர் அமைக்கிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிவிடலாம்; நீர்த்துளி சுருங்க மாட்டேன் என்கிறதே!

நவராத்திரிக் கொலுவில் நாம் குளம் வைப்பதில்லையா? முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தி, ஓரத்தில் மணலைத் தூவி, ஒரு வாத்தையும் விட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் குளத்துக்கு ஆழமில்லை. தரைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும்.

தருமபுரியில் உள்ள என் நண்பர், பலகையின் மேல் இரண்டு அங்குல நுரை அட்டையை ஒட்டி, அதன் மேல் தண்டவாளம் போட்டிருக்கிறார். ஓடை வேண்டுமானால் கீழே தோண்டலாம் அல்லவா? சாதாரணத் தெர்மாகோல் கத்தி பட்டதும் மணிமணியாக உதிர்ந்து வீடெல்லாம் பறக்கும். இது வெப்பத் தடுப்புக்காகச் செய்கிற இறுக்கமான அட்டை. சீவச் சீவ வழவழவென்று வருகிறது. பூசும் வர்ணம் மட்டும் தண்ணீரில் கரைவதாக இருக்க வேண்டும். தின்னர் கலந்த பெயிண்ட் பட்டால் மலையே உருகிவிடும்!

அந்த மலை, வத்தல்மலை. ரயில், 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்த இரண்டரை அடிப் பாதை வண்டி. 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1941-இல், யுத்த காலத்தில், நின்றே போயிற்று. இரண்டரை அடியை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் பொம்மைத் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கிறது. நண்பரின் தகப்பனார் அந்த வண்டியில் வேலை பார்த்தவர். நண்பரோ அதைக் கண்ணால் கண்டதில்லை.

ஓடையைச் செதுக்குமுன் ஒருநாள் என்னையும் வத்தல்மலைக்கு அழைத்துப் போனார். காப்பிச் செடிகளையும் மிளகுக் கொடிகளையும் நான் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் ஓர் ஓடையின் வளைவில் குந்திவிட்டார். வளைவின் வெளிப்புறக் கரை செங்குத்தாக அரித்திருந்தது. உட்புறம் மணல் சரிந்து மேடிட்டிருந்தது. தண்ணீர் ஒரு சாண் அகலந்தான். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அதன்படியே செதுக்கி, கசியாமல் அடைத்து, வர்ணமும் பூசியாயிற்று. தெளிந்த பிசினை ஊற்றுவதுதான் பாக்கி. அதையும் மெல்லிய படலமாக, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக ஊற்ற வேண்டும். இறுகும்போது அது சூடேறும். ஒரேயடியாகக் கொட்டினால் அடியிலுள்ள நுரைக்கு ஆபத்து.

அங்கேதான் வழக்கு மூண்டது.

“ஒகேனக்கல் மாதிரி அருவி விழணும், தாத்தா!” என்றாள் பேத்தி.

“இது காவேரி இல்லையம்மா. ஒரு சாணுக்கு மேலே தண்ணி கிடையாது” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, “கதை எழுதறவராச்சே, நீங்களே சொல்லுங்க சார்” என்றார்.

“உங்கள் ரயில் எந்த மாதத்தில் ஓடுகிறது?” என்று கேட்டேன். பங்குனி ஓடையும் ஐப்பசி ஓடையும் ஒன்றாகுமா?

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. “அப்பா மழைக்காலத்தைப் பத்தித்தான் சொல்லுவார். பாலத்தடியிலே செந்தண்ணி புரண்டு வந்தா, வண்டியை நிறுத்திட்டு இறங்கிப் பார்ப்பாங்களாம்.”

எழுந்து போய்க் காவி வர்ணத்தை எடுத்துவந்தார். இரண்டு சொட்டுப் பிசினில் விட்டு, குச்சியால் கலக்கினார்.

“அப்போ ரயில் பாலத்துமேலே போகக்கூடாதே, தாத்தா?”

“நிக்கட்டும்” என்றார் நண்பர்.