பரிசீலனையில் இருக்கிறது

எங்கள் கடலோர ஊரில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டவர்கள் அந்த ரசீதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடத்தில் ஒரு ஃபைல் நம்பர் அதில் இருக்கும். அதையும் பிறந்த தேதியையும் போனில் அடித்தால் ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி வரும். துபாய்க்கோ குவைத்துக்கோ ஆள் எடுக்கும் ஏஜென்ட் இன்டர்வியூவுக்கு நாள் குறித்துவிட்டால், வீட்டில் எல்லாருடைய நினைப்பும் அந்த வரி மேலேயே இருக்கும். அது ஆங்கிலத்தில் வருவதால் படித்துச் சொல்லச் சிலர் என்னிடம் வருவார்கள். "மாமா, இன்னைக்காவது நகந்திருக்கான்னு பாருங்க."

இந்த ஒரு வரி கிடைப்பதே ஒரு காலத்தில் பெரிய காரியம். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தால் அதன் பிறகு ஒரு தகவலும் வராது. பஸ் ஏறிப் போய் அலுவலக வாசலில் வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் புரோக்கரைப் பிடிக்க வேண்டும். ஃபைல் எங்கே இருக்கிறது என்ற தகவலை வைத்தே பல புரோக்கர்கள் பிழைத்தார்கள் என்பது என் எண்ணம். 2010-இல் கர்நாடகத்திலும் பஞ்சாபிலும் பாஸ்போர்ட் சேவா கேந்திராக்கள் தொடங்கி, பிறகு நாடெங்கும் வந்தபோது அந்தப் பிழைப்பு ஆட்டம் கண்டது. ஏ கவுண்டரில் போட்டோவும் கைரேகையும். பி கவுண்டரில் அதிகாரி ஒரிஜினல்களைப் பார்ப்பார். சி கவுண்டரில் ஒப்புதல். 2017-லிருந்து தபால் நிலையங்களிலும் இந்த மையங்கள் திறந்ததால், அலைச்சல் இன்னும் குறைந்தது. இதையெல்லாம் மனதாரப் பாராட்டுகிறேன். சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது.

கவுண்டரிலிருந்து ஃபைல் போலீஸ் வெரிஃபிகேஷனுக்குப் போகும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆள் வரும், அல்லது கூப்பிட்டு விடுவார்கள். ஆதாரைப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரிப்பார்கள். பிறகு அறிக்கை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் அச்சாகி, ஸ்பீட் போஸ்ட்டில் வந்து, விண்ணப்பித்தவர் கையிலேயே ஒப்படைக்கப்படும். சரியாக இல்லாவிட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற வரியோடு ஃபைல் நின்றுவிடும். என்ன சரியில்லை என்று அந்த வரி சொல்லாது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பையன், ஐடிஐ முடித்த வெல்டர். ஊர் முகவரியில்தான் விண்ணப்பித்திருந்தான். விசாரணைக்கு வந்தபோது அவன் திருப்பூரில் வேலையில் இருந்தான். வாசலுக்கு வந்த அவன் அம்மா, "பையன் திருப்பூர்ல இருக்கான்யா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விட்டது. இது எங்களுக்கு அப்போது தெரியாது. அந்த அம்மா தினமும் வந்து நிற்பார், நானும் அதே வரியைத் தினமும் படித்துச் சொல்வேன். கடைசியில் பையன் லீவு போட்டு நேரில் போய்க் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்து, மறு விசாரணை நடந்து, பாஸ்போர்ட்டும் வந்தது. ஆனால் அதற்குள் ஏஜென்ட் வேறொருவரை அனுப்பிவிட்டார். "நான் உண்மையத்தானே சொன்னேன், அண்ணே. அதுல என்ன தப்பு?" என்று அந்த அம்மா கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பாஸ்போர்ட் ஒரு காலத்தில் அரசு மனம் வைத்தால் கொடுக்கும் சலுகையாக இருந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரியிடம் அரசு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1967 ஏப்ரலில் தலைமை நீதிபதி சுப்பா ராவ் தலைமையிலான ஐவர் அமர்வு, வெளிநாடு போவதும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். சட்டம் இல்லாமல் அரசு தன் இஷ்டத்துக்குப் பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்றானது. அந்த ஆண்டிலேயே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில், பாஸ்போர்ட்டைப் பறிக்கும் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கையில் இருக்கும் அந்தப் புத்தகம் இன்றும் அரசின் சொத்துதான். போகும் உரிமை நம்முடையது.

அந்தப் பாஸ்போர்ட் சட்டத்தின் 5-ஆம் பிரிவை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பாஸ்போர்ட்டை மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்கிறது அது. நாட்டின் பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் வெல்டர் பையனின் பாஸ்போர்ட்டை யாரும் மறுக்கவில்லையே. அவன் ஃபைல் பரிசீலனையில் இருந்தது, அவ்வளவுதான். மறுத்திருந்தால் காரணம் கேட்க அவனுக்குச் சட்டம் துணை நின்றிருக்கும். நிறுத்தி வைத்ததால் அந்தப் பிரிவு அவனுக்கு உதவவில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு மறுப்பும் தாமதமும் ஒன்றுதான், இரண்டிலும் வேலை போய்விடுகிறது.

நம் பக்கத்து ஃபைல்கள் நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளிமையானவை. இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் வேறு எழுத்துகளில் இருக்கும். கல்யாணமாகி வந்த பெண்ணின் முகவரி இன்னும் பிறந்த வீட்டிலேயே இருக்கும். விசாரணை நாளில் ஆள் வெளியூரில் இருப்பார். இவற்றில் எது நாட்டு ரகசியம்? அறிக்கை கணினியில் ஏறும்போதே காரணமும் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அதிகாரி பார்க்கும் அந்தக் குறிப்பை, விலக்குக்கு உரியதை மட்டும் மறைத்துவிட்டு, ஃபைலுக்கு உரியவருக்கும் தமிழில் காட்டினால் போதும். "குறித்த முகவரியில் ஆள் இல்லை, விளக்கம் தரவும்" என்று ஒரு வரி வந்திருந்தால், அந்தப் பையன் மறுநாளே திருப்பூரிலிருந்து பஸ் ஏறியிருப்பான்.

இப்போதெல்லாம் ஸ்டேட்டஸ் நகராமல் நின்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நானே மனு எழுதித் தருகிறேன். கட்டணம் 10 ரூபாய். என் ஃபைலில் போலீஸ் அறிக்கை என்ன சொல்கிறது, அதன் மேல் என்ன நடவடிக்கை என்ற இரண்டே கேள்விகள். பதில் தர 30 நாள் அவகாசம் என்கிறது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். குவைத்துக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 30 நாள் காத்திருப்பதில்லை.