பாட்டனின் அப்பா பெயர் தெரியுமா?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

தரம் 11 பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாறு எழுதும் ஒப்படை கொடுத்திருந்தோம். பாட்டன் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. பாட்டனின் அப்பா பெயர் என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் தலை குனிகிறார்கள். குறை பிள்ளைகளுடையது அல்ல. நம் வீடுகளில் அதைச் சொல்லி வைக்கவில்லை.

இது வெறும் பள்ளிக்கூடக் கேள்வியும் அல்ல. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இதே கேள்வியைத்தான் கேட்டது. அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பா வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்து, பதிவே இல்லாமல் வளர்ந்தவர்கள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்? 1949 சட்டத்தின் கீழ் சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மிச்சமிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தோடுதான் வழி பிறந்தது.

இதில் எங்களுக்கும் பங்குண்டு. எங்கள் வாப்பாவின் வாப்பா இராமநாதபுரம் பக்கமிருந்து ஹட்டனுக்கு வந்து கடை வைத்தவர். குடிசன மதிப்பீட்டில் 'இந்தியச் சோனகர்' என்று எழுதப்பட்டவர்கள் நாங்கள். அவர் பெயர் ஒரு பத்திரத்தில் முகைதீன், இன்னொன்றில் மொஹிதீன், மூன்றாவதில் மொகைதீன். மூன்றும் ஒரே ஆள் என்று காட்ட வீட்டுப் பெரியவர்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தோட்டத்து ராமாயிக்கும் மாரிமுத்துவுக்கும் இதே கதைதான். கிளார்க்கர் காதில் விழுந்ததுதான் பெயர்.

ஒரு மாணவி, தன் பூட்டனின் விண்ணப்பப் பிரதியை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம். ஆனால் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால், எந்த வருடம் எந்தத் தோட்டம், பெண்சாதி பிள்ளைகள் யார், பிறந்த ஊர் எது என்று எல்லாம் அதில் இருந்தது. உரிமை இல்லை என்று சொன்ன அந்தக் காகிதம்தான் இன்று அந்தக் குடும்பத்திடம் இருக்கும் ஒரே வம்சாவளி. வகுப்பே அமைதியாகிவிட்டது.

ஆகவே தேட விரும்புகிறவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்டது:

முதலில் காகிதத்திடம் போகாதீர்கள், அப்பாயியிடம் போங்கள். எந்தக் கங்காணியோடு வந்தோம், குலதெய்வம் எந்த ஊர் என்று கேளுங்கள். ஊர் பெயர் மறந்தாலும் சாமி பெயர் மறக்காது.

அடுத்து தகரப்பெட்டி. பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள், சேமலாப நிதிக் கடிதம், பழைய பாஸ்போர்ட், இந்தியாவுக்குப் போனவர்களின் குடும்ப அட்டை எல்லாம் சாட்சிதான். மரணப் பத்திரத்தில் பெற்றோர் பெயர் இருந்தால் ஒரு தலைமுறை மேலே போகலாம்.

பிறகு தோட்டத்துச் செக்ரோல். தோட்டங்கள் கைமாறியதில் பல அழிந்துவிட்டன, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். கண்டியிலும் கொழும்பிலும் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. ஆனால் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் தெரியாமல் அங்கே போய்ப் பயனில்லை. ஹோலிரூட், டன்சினன், பால்மோரல் எல்லாம் ஸ்கொட்லாந்துத் துரைமார் கொண்டுவந்த பெயர்கள். நம் சனங்கள் வாயில் வேறு பெயர் இருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

எழுத்துப்பிழையைக் கண்டு பயப்படாதீர்கள். பெயர், வயது, தோட்டம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்தப் பாதையில் வந்தவர்களில் நம் வீட்டு ஆள் யார் என்று சொல்லத் தெரிந்தால் அந்த நடைக்கும் ஒரு முகம் கிடைக்கும்.

லயத்துக் கூரை ஒழுகுகிறது, காகிதம் நனைகிறது, பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்தப் போயாவுக்கு வீட்டில் இருப்பீர்கள்தானே? பெட்டியைத் திறந்து, ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வாசிக்க முடியாத எழுத்தென்றால் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.